பழைய வேன்ல ஆயில் கூலர் லீக்: பெங்களூர்ல குறைஞ்ச செலவுல சரிபண்றது எப்படி?

கேள்வி:

பெங்களூருக்குப் புதுசு. ஊர்லேர்ந்து கொண்டுவந்த பழைய டீசல் வேன்ல ஆயில் ஃபில்டர் பக்கம் சொட்டுது. பார்க்கிங் தரை முழுக்கக் கறை, அசோசியேஷன்ல சத்தம் போடுறாங்க. கராஜ்ல "ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் போச்சு, முழு அசெம்ப்ளியோட மாத்தணும்"னு சொல்றாங்க. வேற வழி உண்டா அண்ணா?

பதில்:

இப்போதைக்கு அசெம்ப்ளிக்குப் பணம் கட்டாதீங்க தம்பி. அந்த இடத்துல ஆயில் தெரியறதுக்குக் கூலர் மட்டும் காரணமா இருக்கணும்னு இல்ல. ஃபில்டர் ரப்பர் சரியா உட்காராம இருக்கலாம், ஆயில் பிரஷர் சுவிட்ச் கசியலாம், எஞ்சின் மேல் மூடி (டேப்பெட் கவர்) பேக்கிங்லேர்ந்து வழிஞ்சு இறங்கலாம். கூலருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ஞ்சு போயிருக்கலாம். வண்டி ஓடும்போது காத்து ஆயிலைப் பின்னாடி தள்ளும், அதனால சொட்டுற இடத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க.

எஞ்சின் ஆறினதும் டீசலும் பிரஷ்ஷும் வச்சு அந்தப் பக்கம் முழுக்கக் கழுவித் துடைங்க. நல்லா காய்ஞ்சதும் சாதாரண முகப்பவுடரை அது மேல தூவுங்க. ஐடில்ல 10–15 நிமிஷம் ஓடவிட்டு, ஃபேன், பெல்ட் கிட்ட கை போகாம டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைல ஈரக்கோடு எந்த இடத்துல ஆரம்பிக்குதோ, ஒழுகுறது அங்கதான்.

அடுத்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி) டப்பாவையும் டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவு பார்க்குற கம்பி) பாருங்க. ஃபில்டர் பக்கத்துல இருக்குறது தண்ணியால குளிர்ற கூலர். உள்ள தகடு தகடா இருக்கும், ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். ஓடும்போது ஆயில் பிரஷர் சுமார் 3–5 பார், கூலன்ட் பிரஷர் 1 பார் கிட்டதான். தகடு ஓட்டையானா முதல்ல ஆயில்தான் கூலன்டுக்குள்ள போகும், டப்பால பழுப்புக் கூழ் மிதக்கும். வண்டியை நிறுத்தினதும் ஆயில் பிரஷர் இறங்கிடும், கூலன்ட்ல சூட்டு அழுத்தம் கொஞ்ச நேரம் நிக்கும். அப்போ கூலன்ட் ஆயிலுக்குள்ள போகும், டிப்ஸ்டிக் பால் டீ மாதிரி ஆகும். அப்படி இருந்தா வண்டியை ஓட்டவே வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற பேக்கிங்) போனாலும் இதே அடையாளம் வரும். ஆனா அதுல எஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடியே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாட்டம் இறுகும், ஆறின வண்டில ரேடியேட்டர் மூடியைத் திறந்து வச்சு ஓடவிட்டா குமிழி வந்துகிட்டே இருக்கும். எது போச்சுன்னு கண்டுபிடிக்காம ரெண்டையும் மாத்தித்தான் பலர் பணத்தை விடுறாங்க.

ரெண்டுலயும் கலப்பு இல்லாம வெளியில மட்டும் கசிஞ்சா, கூலர் நல்லா இருக்கு, சீல்தான் போச்சுன்னு வச்சுக்கலாம். செலவு ஓ-ரிங், பேக்கிங், ஃபில்டர், ஆயில், கூலன்ட், அவ்வளவுதான்.

வெதுவெதுப்பா இருக்கும்போது ஆயிலையும் கூலன்டையும் இறக்குங்க. கொதிக்கக் கொதிக்க ரேடியேட்டர் மூடியைத் திறந்தா முகம் வெந்துடும். கூலன்டைத் திறந்த பாத்திரத்துல வைக்காதீங்க. அதுல இருக்குற கிளைக்கால் இனிக்கும், தெரு நாய் குடிச்சா செத்துடும். போல்ட்டெல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டைல கூலர் வடிவத்தை வரைஞ்சு, கழற்றுற போல்ட்டை அதே இடத்துல குத்தி வைங்க. நீள போல்ட்டைக் குட்டைத் துளைல முறுக்கினா அலுமினியம் விண்டுடும்.

கூலரும் பிளாக்கும் சேர்ற பரப்புல ஒட்டியிருக்குற பழைய பேக்கிங்கை பிளேடால சுரண்டாதீங்க. பிளாஸ்டிக் கட்டையும் தின்னரும் போதும். ஒரு கீறல் விழுந்தா புது சீல் போட்டும் ஒழுகும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், சுத்தமான ஆயில் தடவினா போதும். அதிகமா வச்ச பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, சம்ப்ல (எஞ்சின் அடியில இருக்குற ஆயில் தொட்டி) இருக்குற ஜல்லடைய அடைச்சா பேரிங்குக்கு ஆயில் போகாது. எம்8 போல்ட்டை எதிரெதிரா, ரெண்டு மூணு தடவையா 20–25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இறுக்குங்க. மேனுவல்ல வேற அளவு இருந்தா அதுதான் சரி.

புது ஃபில்டர் போட்டு ஆயில் ஊத்தினதும் நேரா ஸ்டார்ட் பண்ணாதீங்க. பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டியா இருந்தா, டீசலை நிறுத்துற ஸ்டாப் சோலனாய்டு வயரைக் கழற்றிட்டு, 10 நொடி செல்ஃப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி 10 நொடி. ஆயில் விளக்கு அணைஞ்சதும் வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. காலியா இருந்த கூலர் நிறையறதுல லெவல் இறங்கும், நிறுத்திப் பார்த்து டாப்-அப் பண்ணணும்.

இன்னொரு பதில்:

அண்ணன் சொன்னதுல ஓ-ரிங் விஷயம் மட்டும் சேர்க்குறேன். ஜே.சி. ரோடு, எஸ்.ஜே.பி. ரோடு கடைகள்ல பழைய ஓ-ரிங்கைக் காட்டினா அளவு பார்த்துத் தருவாங்க. ஆனா பழசு நசுங்கித் தட்டையாகியிருக்கும், அதை வச்சு தடிமன் எடுத்தா தப்பாகும். பள்ளத்தோட ஆழத்தையும் அகலத்தையும் வெர்னியர்ல அளந்துட்டுப் போங்க. "வைட்டான்" ரப்பர் கேளுங்க. சாதா நைட்ரைல் சூட்டுல சீக்கிரம் கல்லாகிடும். தண்ணி பக்கத்துக்கு ஆகுற ஈ.பி.டி.எம். ரப்பர் ஆயில் பட்டா ஊதிப்போகும், மாத்தி வாங்கிடாதீங்க. பாஞ்சோ போல்ட் (நடுவுல ஆயில் போற துளை இருக்குற போல்ட்) இருந்தா செம்பு வாஷர் புதுசு போடுங்க. கிடைக்கலைன்னா பழசையே செவக்கச் சூடாக்கி, தண்ணில முக்கி, எமரியால தேச்சுப் போடலாம். சூட்டுல செம்பு மறுபடி மெத்துன்னு ஆகிடும்.

கூலன்டுக்குக் கேன்ல வர்ற டிஸ்டில்டு தண்ணியே சேருங்க. இங்க போர், டேங்கர் தண்ணி பெரும்பாலும் உப்புத் தண்ணி. அந்த உப்பு தகட்டுல படிஞ்சு அடைச்சு, கூலரை அரிச்சும் போடும்.

கேட்டவர்:

பவுடர் போட்டுப் பார்த்தேன், கூலர் ஜாயின்ட்லதான் ஆரம்பிக்குது. கூலன்ட் சுத்தமா இருக்கு. ஒருவேளை உள்ளயும் ஓட்டைன்னா வெல்டிங் வைக்கலாமா? இல்ல கூலரையே எடுத்துட்டு பைபாஸ் பண்ணிடலாமா?

பதில்:

கழற்றினதும் சந்தேகத்துக்கு ஒரு டெஸ்ட் போட்டுடுங்க. ரேடியேட்டர் கடைல ஆயில் வழி ஒண்ணை அடைச்சு, இன்னொண்ணுல 4 பார் காத்து கொடுத்து, தண்ணித் தொட்டில முக்குவாங்க. குமிழி வந்தா தகட்டுக் கூலருக்கு வெல்டிங் கிடையாது, மாத்தணும். பழைய கூலர் வாங்குனாலும் இதே டெஸ்ட் முடிச்சு வாங்குங்க. முன்னாடி ரேடியேட்டர் மாதிரி இருக்குற காத்துக் கூலர்னா, ஓரத்து டேங்க்ல சின்ன ஓட்டைக்கு ஆர்கான் வெல்டிங் நிக்கும். எம்-சீல் மாதிரி பசை ஆயில் பிரஷருக்கு நிக்காது.

பைபாஸ் வேண்டாம். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசல்ல டர்போ டீசல் ஊர்ந்து போகும்போது ஆயில் சூடாகித் தண்ணி மாதிரி இளகிடும், பிரஷர் விழும். கூலர் ஹோஸுக்குப் பதிலா பெட்ரோல் ஹோஸை கிளிப் போட்டு மாட்டுறதும் கூடாது. அது ரோட்டுல கழன்றா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல சம்ப் காலி, எஞ்சின் ஜாம். பழைய ஹோஸ் முனைகளை வச்சு, ஆயிலுக்கும் 120 டிகிரிக்கும் தாங்குற ஹோஸ்ல புதுசா கிரிம்ப் பண்ணி (மெஷின்ல அழுத்திப் பிடிச்சு) தர ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்காரங்க பீன்யா பக்கம் இருக்காங்க.