12 இஞ்ச் சப்வூஃபர்: 2 இஞ்ச் காயிலா, 3 இஞ்ச் காயிலா?

காரில் இருந்த 12 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ், அதாவது அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) போன வாரம் போய்விட்டது. இரண்டு வருடம் நன்றாக ஓடியது, கடைசி ஒரு மாதமாக அரை மணி நேரம் பாட்டு ஓடினாலே கருகிய வாசனை, பேஸ் அமுங்கிவிடும், இப்போது கோனைக் கையால் மெதுவாக அழுத்தினால் உள்ளே காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உரசுகிறது.

அதில் இருந்தது 2 இஞ்ச் வாய்ஸ் காயில், இரட்டை 4 ஓம், பேரலலில் 2 ஓம். மோனோ ஆம்ப் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்), 1.25 கன அடி மூடிய பெட்டி. வாசனை வந்ததுமே ஆம்பின் கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற செட்டிங்) மல்ட்டிமீட்டர் வைத்து 31 வோல்ட்டுக்கு இறக்கினேன், பேஸ் பூஸ்ட்டை அணைத்தேன், லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், கிரவுண்ட் வயரைக்கூட மாற்றியாயிற்று.

3 இஞ்ச் காயில் சூட்டை நன்றாக வெளியேற்றும், சரி, ஆனால் எடை கூடி சென்சிடிவிட்டி (அதே பவருக்கு வரும் சத்தம்) குறைந்துவிடுமோ என்று பயம். எனக்கு டிரம் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இதே ஆம்ப், இதே பெட்டிக்கு எந்தக் காயில் அளவு சரியாக வரும்?