பொருள்: மறு: வில்லால் மீன் பிடிப்பதற்குச் சொல் – ‘மீனெய்தல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வில்லால் அம்பு எய்து மீன் பிடிப்பதற்கு (bowfishing) தமிழ்ச் சொல் தேடும் இந்த இழைக்கு வந்த மடல்களை எல்லாம் ஒருசேரப் படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘வில்மீன்பிடி’ என்றே வைத்துவிடலாமே? பார்த்ததும் புரியும்.

ஐயா, எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கல்லும் மலையும் சேர்ந்தால் கன்மலை. அதே கணக்கில் வில்லும் மீனும் சேர்ந்தால் வின்மீன். காதில் விழுவதோ விண்மீன். சரி, புணர்த்தாமல் பிரித்தே எழுதுவோம் என்றாலும், வில்மீன் என்று ஒரு மீன் இருப்பதாகவும் அதைப் பிடிப்பதாகவும்தான் புதிதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஆனால் என்னை உறுத்துவது வில் இல்லை, ‘பிடி’. அதற்கான காரணத்தைச் சொல்ல நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

டெக்சசில் லிவிங்ஸ்டன் அணைக்குக் கீழே டிரினிட்டி ஆறு கலங்கலாக, தேநீர் நிறத்தில் ஓடும். மே மாதக் காலை ஒன்றில் உடன் வேலை செய்யும் ஒருவரோடு படகில் போயிருந்தேன். நாங்கள் தேடிப் போனது நீண்ட மூக்குள்ள ‘கார்’ (gar) என்ற ஆற்று மீனை. இந்த மீனுக்குக் காற்றுப்பை நுரையீரல் போலவும் வேலை செய்யும். வெயில் ஏறி நீரில் உயிர்வளி குறையக் குறைய, மேலே வந்து காற்றை ஒரு மிடறு விழுங்கிவிட்டுப் போகும். வில்லோடு நிற்பவர் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்குத்தான். ஒளி விலகலால் மீன் இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே தெரியும். அதனால் தெரிகிற மீனுக்குக் கீழே குறி வைக்க வேண்டும். நண்பர் அப்படித்தான் குறி வைத்தார். வில்லில் பொருத்தியிருந்த புட்டிக்குள்ளிருந்து கயிறு சரசரவென்று ஓடியது. அதைக் கையால் இழுத்துச் சேர்த்தார். மூன்றடி நீளத்தில் ஒரு நீள்மூக்கு மீன். அம்பு முதுகைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது.

அந்த அம்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியிழையில் செய்த கனத்த தண்டு. இறகு கிடையாது, இறகு இருந்தால் நீருக்குள் திசை மாறிவிடும். முனையில் பின்னோக்கிய முட்கள். கயிறு நேராக அம்பில் கட்டப்படவில்லை, தண்டின் மேல் நகரும் சிறு வளையம் ஒன்றில் கட்டியிருந்தது. அம்பு நாணில் ஏறியிருக்கும்போது வளையமும் கயிறும் வில்லுக்கு முன்னால்தான் நிற்கும். கயிறு நாணில் சிக்கிக்கொண்டால் அம்பு எய்தவர் மீதே திரும்பிப் பாயும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

இனி ‘பிடி’க்கு வருகிறேன். தூண்டிலில் சிக்கிய மீனைப் பிடித்தோம் என்கிறோம். அளந்து பார்க்கலாம், வேண்டாம் என்றால் முள்ளைக் கழற்றி ஆற்றிலேயே விடலாம். அம்பு பாய்ந்த மீனை விட முடியாது. இந்த வேறுபாடு அந்த ஆற்றில் வாழ்வா சாவா என்கிற அளவுக்குப் பெரியது. இந்த மீனின் ஏழு வகைகளில் மிகப் பெரியதான முதலை மூக்கு மீனில் (alligator gar) பெண் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும். வந்த பிறகும் ஆறு கரைபுரண்டு புல்வெளிக்குள் ஏறி நிற்கும் ஆண்டுகளில்தான் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கும். ஆள் உயர மீன் ஒன்று நம் அப்பா வயதில்கூட இருக்கலாம். 2011இல் மிசிசிப்பியில் வலையில் சிக்கிய ஒன்று 327 பவுண்டு, எட்டடிக்கும் மேல் நீளம்.

இந்த மீனை ஒரு காலத்தில் குப்பை மீன் என்று ஒதுக்கி, 1930களில் டெக்சசில் அரசே மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. 2009 முதல் அதே மாநிலத்தில் பெரும்பாலான இடங்களில் முதலை மூக்கு மீன் ஆளுக்கு நாளுக்கு ஒன்றுதான். 2019இல் டிரினிட்டி ஆற்றின் பெரும்பகுதிக்கு இன்னொரு விதி வந்தது: 48 அங்குலத்துக்கு மேற்பட்டதை எடுக்கக் கூடாது, பெரியது வேண்டுவோர் குலுக்கலில் அனுமதி பெற வேண்டும். தூண்டில்காரர் பிடித்த பிறகு நாடாவை வைத்து அளப்பார். வில்லாளியோ கலங்கல் நீரில் முதுகு தெரிந்த நொடியில் நான்கடியா ஐந்தடியா என்று கண்ணாலேயே தீர்மானிக்க வேண்டும். தவறினால் திருத்த வழியில்லை. அப்படிப்பட்ட செயலை ‘மீன்பிடி’ என்ற பொதுச்சொல்லுக்குள் போட்டால் இந்த விதிகளைத் தமிழில் எழுதவே முடியாது. ‘பிடித்து விடுதல்’ ஒரு பக்கம், அதற்கு நேர் எதிரான செயல் மறுபக்கம், இரண்டிலும் ‘பிடி’ என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

> பரதவரின் எறியுளியை எடுத்துக்கொள்ளலாமே? குறுந்தொகையிலேயே இருக்கிறதே.

அக்கா, இந்த மடலைப் படித்ததும் உண்மையிலேயே மகிழ்ந்தேன். கூர்வாய் எறியுளியை மூங்கில் காம்பில் மாட்டி, திமில் என்ற படகில் நின்று கொம்புள்ள கோட்டுமீன் மேல் எறியும் காட்சி நாம் பேசுவதற்கு எவ்வளவு நெருக்கம்! ஆனாலும் அது கையால் எறிவது. எறியுளியை ஹார்ப்பூனுக்கு வைத்துக்கொள்வோம், அதற்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. அதே தடத்தில் வில்லுக்கு வந்தால் நம்மிடம் ‘எய்’ இருக்கிறது. கல்லை எறிவோம், வலையை வீசுவோம், அம்பை மட்டும்தான் எய்வோம். எய் என்றாலே வில் உள்ளே வந்துவிடுகிறது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: செயலுக்கு ‘மீனெய்தல்’, வில்லுக்கு ‘மீன்வில்’, கயிறு கட்டிய அம்புக்குக் ‘கயிற்றம்பு’, செய்பவருக்கு ‘மீனெய்வோர்’. கயிறு இல்லையென்றால் அம்பும் போகும், மீனும் போகும். அதனால்தான் அம்பின் பெயரில் கயிறு வர வேண்டும் என்கிறேன்.

> எய்துதல் என்றால் அடைதல் அல்லவா?

ஆம், ஆனால் எய்தான் வேறு, எய்தினான் வேறு. ‘மீனை எய்தான்’ என்றால் யாரும் அடைந்தான் என்று படிக்க மாட்டார்கள்.

> மீனின் பெயர்? ‘கார்’ என்றே எழுதலாமா? செய்திகளில் முதலை மீன் என்று பார்த்த நினைவு.

‘கார்’ வேண்டவே வேண்டாம். ‘ஆற்றில் கார் பிடித்தார்கள்’ என்று எழுதினால் கிரேன் கொண்டு தூக்கியதாக நினைப்பார்கள். காரல் என்று நீட்டலாம் என்றால் நம் கடற்கரையில் காரல் என்றே ஒரு மீன் ஏற்கெனவே இருக்கிறது. முரல் என்று ஒருவர் சொன்னார். பழைய ஆங்கிலத்தில் ஈட்டியைக் குறித்த ‘gar’ என்ற சொல் முதலில் போய் ஒட்டியது கடல் முரலுக்குத்தான். அமெரிக்காவில் குடியேறியவர்கள் மூக்கு நீளத்தைப் பார்த்து, உறவே இல்லாத ஆற்று மீனுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அவர்கள் செய்த தவற்றை நாமும் செய்ய வேண்டாம். வேல்மீன் அழகுதான், ஆனால் வேளா மீனோடு குழம்பும்.

நான் சொல்வது ‘ஈட்டிவாயன்’. அதிலிருந்து நீள்வாயன், குறுவாயன், புள்ளிவாயன், முதலைவாயன் என்று வகைகளுக்குப் பெயர் எளிதாகக் கிளைக்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்திலும், 2023இல் காஷ்மீரின் தால் ஏரியிலும் அகப்பட்டது இந்த முதலைவாயன்தான். வண்ணமீன் தொட்டிக்காக வாங்கிய குஞ்சு வளர்ந்ததும் குளத்தில் கொட்டிவிடுகிறார்கள். அதை எச்சரிக்கும் தமிழ் அறிவிப்புப் பலகைக்கும் ஒரு பெயர் வேண்டும்.

செதிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்று நண்பர் தகரம் வெட்டும் கத்திரியால்தான் தோலைப் பிளந்தார். (சதையை லூசியானாவில் உருண்டை பிடித்துப் பொரிப்பார்கள். முட்டை நஞ்சு, அதைத் தூர எறிந்துவிட வேண்டும்.) ஒரு செதிலை எடுத்துக் கழுவினேன். சாய்சதுர வடிவம், தந்தம் போன்ற பளபளப்பு, விரல் நகத்தால் கீற முடியவில்லை. இரண்டை உரசினால் பீங்கான் உரசுகிற சத்தம். அமெரிக்கப் பழங்குடியினர் இதையே அம்பு முனையாக வைத்திருக்கிறார்கள். இவ்வகைச் செதிலின் அறிவியல் பெயரான ‘ganoid’ என்பதன் கிரேக்க வேரும் ஒளிர்வைத்தான் குறிக்கிறது, அதனால் ‘மிளிர்செதில்’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அம்புத்தண்டின் மேல் நகரும் அந்தச் சிறு வளையத்துக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ‘ஓடுவளையம்’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. நெசவிலோ படகிலோ கயிற்றின் மேல் வழுக்கி நகரும் துண்டுக்குப் பெயர் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
டெக்சசிலிருந்து