தாத்தாவின் பாட்டுக் கொப்பி எங்கே?

குழு: தாத்தா வீடு (டிக்கோயா)
2025 மார்ச் 25, செவ்வாய்

நிரோ (பேராதனை) – மாலை 6.12
எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். தாத்தா எழுதி வைத்த பாட்டுக் கொப்பி யாரிடம் இருக்கிறது? தவக்காலத்தில் அப்பாயி பாடுவாங்களே, அது.

சித்தி – 6.15
இங்கே இல்லை பிள்ளை

ரொஷான் (டோஹா) – 6.15
எந்தக் கொப்பி?

சித்தப்பா – 6.19
அதை நான் 11 வருடமாகத் தேடுகிறேன்.

அப்பா – 6.21
ஏன் மகள், என்ன விஷயம்?

நிரோ – 6.30
ஏப்ரல் 4, முதல் வெள்ளி, கெம்பஸில் எங்கள் கத்தோலிக்க மாணவர் சங்கத்தின் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளை ஸ்தலம் ஸ்தலமாக நின்று தியானிப்பது. 14 ஸ்தலத்தையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று பிரித்திருக்கிறோம். தமிழுக்கு 4, 6, 8, 13. போன வருடம் எங்கள் பகுதியை டெலிபோன் வெளிச்சத்தில் புத்தகம் பார்த்து வாசித்தோம். வாசித்தோம், அவ்வளவுதான். இந்த முறை கூட்டத்தில் நான் வாய் தவறி அப்பாயி பாடுவதைச் சொல்லிவிட்டேன். மாதா மகனைச் சந்திக்கும் நாலாம் ஸ்தலத்துக்கும், மகனைச் சிலுவையிலிருந்து இறக்கும் பதின்மூன்றாம் ஸ்தலத்துக்கும் அப்பாயியைக் கூட்டி வர முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சிங்களப் பிள்ளைகள்தான் முதலில் கேட்டார்கள்.

ரொஷான் – 6.31
அப்பாயி கெம்பஸுக்கா!!

சித்தி – 6.33
அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு. போன கிழமை மருந்து எடுத்தது

அப்பா – 6.34
அம்மாவிடம் கேட்டீர்களா முதலில்?

பெரியப்பா (ஹட்டன்) – 6.52
பிள்ளைகளே, அந்தக் கொப்பியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதன் முதல் பாதி, வியாகுலப் பிரசங்கம் என்ற, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் நூலைப் பார்த்து அப்பா எழுதியது. அதை இயற்றியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர். அப்போது கரையோரம் முழுக்க ஒல்லாந்தர் கையில், கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. கண்டி ராஜாவின் நாட்டுக்குள்தான் சுவாமிமாருக்கு இடம் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. நம் யோசே வாஸ் சுவாமியை 1692இல் ஒற்றன் என்று சொல்லிக் கண்டியில் பிடித்து அடைத்தார்கள். பிறகு 1697இல் அம்மை நோய் பரவியபோது, ஊரார் கைவிட்ட நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான். 1711 ஜனவரி 16 கண்டியிலேயே இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் தங்கச்சியும் விடிய விடியப் புல்லில் உட்கார்ந்திருந்தோம். கொன்சால்வெஸ் சுவாமி சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். அதனால் சிங்களப் பிள்ளைகள் கேட்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அவர்கள் ஊரில் தவக்காலத்தில் பாடும் பசனுக்கும் நம் பிரசங்கத்துக்கும் வேர் ஒன்று. நிரோ, இதைச் சங்கத்தில் எடுத்துச் சொல்.

டில்ஷான் – 6.53
👍

சித்தி – 6.53
டில்ஷான் நீ டெலிபோனை வை. நாளைக்குக் கடைசிப் பேப்பர்

ரொஷான் – 6.54
சாதாரண தரப் பரீட்சை முடியப் போகுதா? இப்போதுதான் முதலாம் வகுப்பில் சேர்த்த மாதிரி இருக்கு

சித்தி – 6.55
கணக்கு நல்லா செய்தேன் என்கிறான். மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கேன்

நிரோ – 7.04
பெரியப்பா, வேர் ஒன்று என்று நீங்கள் சொன்னது உண்மைதான். ஒன்று சொல்கிறேன். முதலாம் வருடம் நான் ஹொஸ்டலுக்கு வந்த இரண்டாம் கிழமை. யாரையும் தெரியாது, சிங்களமும் சரியாக வராது. இராத்திரி கட்டிலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், அப்பாயி சொல்லித் தந்த பழைய மாதிரி, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று. கதவடியில் நீர்கொழும்பு அக்கா ஒருவர் வந்து நின்றார். இது எங்கள் ஆச்சி சொல்லும் செபம் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆச்சி மட்டும் இன்றுவரை தமிழில்தான் செபிக்கிறாராம். அந்த ஒரு செபத்தை மட்டும் அக்கா அர்த்தம் தெரியாமலே முழுக்கச் சொன்னார். அடுத்த நாள் அவர்தான் என்னைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார்.

பெரியப்பா – 7.06
நீர்கொழும்புப் பக்கம் அப்படி நிறைய வீடுகள் உண்டு. தாத்தா பாட்டிக்குத் தமிழ், பேரப்பிள்ளைகளுக்குச் சிங்களம்.

அப்பா – 7.07
இதை ஏன் எனக்குச் சொல்லவே இல்லை மகள்

நிரோ – 7.09
நீங்கள் பயப்படுவீர்கள் என்று, அழுததையும் சொல்லவில்லை அப்பா. இப்போது நன்றாக இருக்கிறேன். புதன்கிழமைகளில் பாட்டுப் பயிற்சி. தமிழ்ப் பாட்டை நான் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் 'ழ' வருமட்டும் விடமாட்டார்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு மூன்று மொழிக்காரரும் ஒரே வாங்கில் பிளேன்டீ குடிப்போம். வீட்டுக்கு அடுத்தபடி எனக்கு அதுதான்.

சித்தப்பா – 7.15
எல்லாம் சரி. கொப்பி?

சித்தப்பா – 7.15
அப்பாவின் 31ஆம் நாள் பூசை வரைக்கும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த கிழமை இல்லை.

ரொஷான் – 7.16
🙄

அப்பா – 7.18
தம்பி, அதை இப்போது கிளப்ப வேண்டாம்

சித்தப்பா – 7.19
கேட்டால் கிளப்புவதா அண்ணே?

சித்தி – 7.24
எல்லாரும் ஒரு நிமிடம். கீழ் லயத்துப் பக்கம் சிறுத்தை. நாய் ஒன்றைக் கொண்டு போய்விட்டதாம். பிள்ளைகள் யாரும் வெளியே இல்லைதானே?

டில்ஷான் – 7.24
யாருடைய நாய்?

சித்தி – 7.25
நீ படி!!

ரொஷான் – 7.26
கறுப்பன் இருக்கா?

சித்தி – 7.27
இஸ்தோப்பில் கட்டியிருக்கேன். உள்ளே எடுக்கிறேன்

பெரியப்பா – 7.31
சிறுத்தை மனிதரிடம் வருவது குறைவு. கொழுந்து மலையும் காடும் ஒட்டிக் கிடப்பதால் நாயைத் தேடி வருகிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டுக்கொண்டு போங்கள்.

அத்தை (வத்தளை) – 8.40
கொப்பி என்னிடம் இருக்கிறது.

ரொஷான் – 8.40
😮

சித்தப்பா – 8.42
அக்கா??

அத்தை – 8.49
நான்தான் எடுத்தேன். திருடவில்லை. அப்பாவின் சேமலாப நிதிக் காசை மூன்று ஆண் பிள்ளைகளும் உட்கார்ந்து பிரித்தீர்கள். எனக்கு ஒரு சதம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் யாரும், உனக்கு அப்பாவின் ஞாபகமாக என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை. அந்தக் கொப்பியில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. அது போதும் என்று எடுத்து வந்தேன். 11 வருடம் பைபிளுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா – 8.55
தங்கச்சி

அப்பா – 8.55
பிழைதான்

பெரியப்பா – 9.02
மூத்தவன் நான். நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

(சித்தப்பா ஒரு செய்தியை நீக்கினார்)

சித்தப்பா – 9.10
சொல்லியிருக்கலாம் அக்கா. நான் மண் வீட்டுக் கூரை வரைக்கும் பிரித்துத் தேடினேன்.

அத்தை – 9.11
தெரியும். அதனால்தான் சொல்லப் பயமாக இருந்தது.

அத்தை – 9.20
📷 படம்
நிரோ, இது நாலாம் ஸ்தலத்துக்கு. தெளிவாக இருக்கிறதா?

நிரோ – 9.24
அத்தை!! இது கொப்பித் தாளே இல்லையே? பின்பக்கத்தில் ஏதோ கோடு போட்டுப் பெயர்கள் தெரிகிறதே.

பெரியப்பா – 9.29
செக்ரோல் தாள், தோட்டத்து ஆட்களின் பேரையும் வேலையையும் பதிவது. அப்பா கொஞ்சக் காலம் கணக்கப்பிள்ளைக்கு உதவியாக எழுதினார். பழைய தாள்களை வீசாமல் பின்பக்கத்தில் பாட்டெழுதித் தைத்து வைத்தார். தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத் தாளில் உறை போட்டார். ஊதாப் பென்சில், நாக்கில் தொட்டு எழுதுவது. எழுதி முடித்தால் அப்பாவின் நாக்கு நீலமாக இருக்கும்.

அத்தை – 9.33
📷 படம்
பின்பக்கம் இது. மூன்றாவது வரியைப் பாருங்கள்.

அப்பா – 9.35
அம்மாவின் பேர்

ரொஷான் – 9.35
"41 ராத்தல்". ஒரு நாளிலா?

பெரியப்பா – 9.37
ஒரு நாளில். நான் வயிற்றில் இருந்த வருடமாக இருக்கும்.

நிரோ – 9.41
அப்பாயி பறித்த கொழுந்துக் கணக்குக்குப் பின்னால் மாதாவின் புலம்பல். நான் இப்போது நூலகத்தில் இருக்கிறேன். அழுதுகொண்டு இருக்கிறேன்.

சித்தி – 9.50
அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தாங்க

அப்பா – 9.51
போக விருப்பமா என்று கேள்

சித்தி – 9.58
🎤 குரல் பதிவு 1.06

ரொஷான் – 10.01
வேலையில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்களேன்

நிரோ – 10.08
அப்பாயி சொல்வது: "கொப்பி எனக்கு வேண்டாம், எனக்குப் பாடமாக இருக்கு. ஆனா அது நின்றுகொண்டு மைக்கில் பாடுவது இல்லை. பெண்டுகள் தரையில் உட்கார்ந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் இருந்து பாடுவது. படித்த பிள்ளைகள் நடுவில் பல்லில்லாத கிழவி பாடினால் யாருக்கு விளங்கும்?" அப்புறம் இரண்டு வரி பாடியிருக்காங்க:
"தச்சன் வளர்த்த மகன் தச்ச மரம் சுமக்குதடி
தண்ணியை ரசமாக்கின கை தாகத்தில் தவிக்குதடி"

பெரியப்பா – 10.12
இது வியாகுலப் பிரசங்கத்தில் உள்ளது இல்லை. அம்மாவின் தாயார் சொல்லிக் கொடுத்த ஒப்பாரி. கொப்பியின் பின் பாதி முழுக்க இந்த மாதிரிதான்.

நிரோ – 10.20
சித்தி, அப்பாயிடம் இதைச் சொல்லுங்கள். நான் சொன்ன நீர்கொழும்பு அக்காவின் ஊர் கட்டுவாப்பிட்டி. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று செபஸ்தியார் கோயில் குண்டுவெடிப்பில் அவருடைய சின்னம்மா போய்விட்டார். அவர்தான் பதின்மூன்றாம் ஸ்தலத்தில் சிலுவை பிடிக்கப் போகிறார். மைக் வேண்டாம். பாய் விரிக்கிறோம். அப்பாயி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சித்தி – 10.22
இப்போதே சொல்கிறேன்

அத்தை – 10.24
அந்தப் பூசைக்கு அன்று நாங்களும் போயிருக்க வேண்டியது. இவருக்குக் காய்ச்சல். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்கும்.

சித்தி – 10.36
அந்தப் பிள்ளை சாப்பிடுதா, தூங்குதா என்று கேட்கிறாங்க

நிரோ – 10.37
சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். தூக்கம் குறைவு.

சித்தி – 10.41
"பார்ப்போம்" என்கிறாங்க

ரொஷான் – 10.42
பார்ப்போம் என்றால் அப்பாயி வருவாங்க!

அப்பா – 10.43
பார்ப்போம் என்று சொல்லி என் கல்யாணத்துக்கே கடைசி நிமிடத்தில்தான் சேலை கட்டினாங்க. நம்ப வேண்டாம்

சித்தப்பா – 10.50
வருவதென்றால் வெள்ளிக்கிழமை நானும் கூட வர வேண்டும். ஒரு பேர் போகும், ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாய். பரவாயில்லை. பஸ்ஸா வேனா?

அப்பா – 10.52
பஸ் என்றால் ஹட்டனில் ஏறி நாவலப்பிட்டி, கம்பளை போய் கலஹா சந்தியில் இறங்கலாம். கிட்டத்தட்ட 3 மணித்தியாலம். வீங்கிய காலோடு உட்கார முடியுமா?

பெரியப்பா – 10.54
வேன் செலவில் பாதி நான்.

அத்தை – 10.55
மற்றப் பாதி நான். கொப்பியையும் நானே கொண்டு வருகிறேன். நேரே பேராதனைக்கு வந்துவிடுகிறேன்.

சித்தப்பா – 10.57
காட்டிவிட்டு திரும்பக் கொண்டு போவீர்களா?

அத்தை – 10.58
அதை அங்கே வைத்துப் பேசலாம் தம்பி.

நிரோ – 11.03
சிலுவைப்பாதை மாலை 5.30க்கு. முடிய இருட்டிவிடும். ஹொஸ்டலில் வெளியார் தங்க முடியாது. கம்பளையில் தங்கலாமா?

(யாரும் பதில் எழுதவில்லை)

நிரோ – 11.15
கம்பளை சம்பந்தி வீடு இன்னும் பேச்சில்லையா?

அப்பா – 11.16
அது வேறு கதை. காலையில் அழைக்கிறேன்

2025 மார்ச் 26, புதன்

சித்தி – காலை 4.48
🎤 குரல் பதிவு 3.12
அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பாடுறாங்க. நான் கதவுக்குப் பின்னால் இருந்து எடுத்தது. சொல்ல வேண்டாம்

ரொஷான் – 4.50
🙏

நிரோ – 5.31
அறையில் நாலு பேரும் எழுந்து உட்கார்ந்து கேட்டோம். அக்காவையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். இன்னொரு முறை போடு என்றார்.

டில்ஷான் – 6.40
பேப்பருக்குப் போகிறேன். வேனில் எனக்கும் இடம் வேண்டும்

பெரியப்பா – 6.44
நன்றாக எழுது ராசா. கேள்வியை இரண்டு தரம் வாசி. பாப்பரசரும் ஞாயிற்றுக்கிழமை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார், அவருக்காகவும் ஒரு செபம் சொல்லிக்கொண்டு போ.

சித்தப்பா – 6.58
வேன்காரரிடம் கேட்டேன். மத்தியானம் சொல்கிறாராம்.

சித்தி – 7.05
கினிகத்தேனை வளைவில் அம்மாவுக்குத் தலை சுற்றும். தேசிக்காய் யாராவது ஹட்டனில் வாங்கி வையுங்கள். அப்புறம் வெள்ளைச் சேலை ஒன்று எடுத்துக் கொடியில் போடச் சொல்லியிருக்காங்க. ஏன் என்று நான் கேட்கவில்லை