பெற்றோல் குடிக்கிறது கார், தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. கிழமைக்கு மூன்று தரம் கிளிநொச்சி–வவுனியா ஓடும் பழைய 800 சிசி கார். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் தந்தது, இப்போது 13கூடத் தேறவில்லை. எயார் பில்ரரைக் கழற்றித் தட்டினேன். எங்கள் பக்கத்துக் கிரவல் றோட்டுச் செம்புழுதி ஒரு கைப்பிடி கொட்டியது! டயர் சூடேறுமுன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றும் அடித்தாயிற்று. அப்புறம்தான் கண்டேன்: ஜக்கி வைத்துச் சுற்றினால் முன் இடது சில்லு மட்டும் இறுகுகிறது, ஓடி நின்றதும் றிம் கொதிக்கிறது. கராஜில் எஞ்சின் வேலை என்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. பிரேக் விடாமல் பிடிக்கிறதோ? பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரைக் கழற்றிக் கழுவினால் போதுமா, அதன் றப்பர் சீல் கிட் மாற்ற வேண்டுமா? போகும் வழியில் முறிகண்டிப் பக்கம் இரவில் மாடுகள் நடுறோட்டில் படுத்திருக்கும். இந்தப் பிரேக்கோடு போகப் பயமாயிருக்கிறது. அனுபவப்பட்ட அண்ணாமார் சொல்லுங்கோ.