[கலைச்சொல்] ‘லோர் ஃபிரெண்ட்லி’க்குத் தமிழில் என்ன? வாம்பயர் வேடமும் வெயிலும்

கிருஷ்ணகிரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

நானும் நண்பர்கள் சிலரும் ‘வி ரைசிங்’ என்ற கணினி விளையாட்டுக்குத் தனி சர்வர் ஒன்றை நடத்துகிறோம். அதில் ஒவ்வொருவரும் இரத்தம் குடிக்கும் வாம்பயராக ஆடுவார்கள். ஆட வருபவர்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள். விதிகளைத் தமிழில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தோம். மூன்று சொற்களில் நின்றுவிட்டோம். லோர் (விளையாட்டு உலகின் பின்கதையும் அதன் விதிகளும்), கஸ்டமைசேஷன் (பாத்திரத்தை நம் விருப்பப்படி அமைப்பது), லோர் ஃபிரெண்ட்லி (அந்தப் பின்கதைக்கு ஒத்துப்போவது). முதலிரண்டுக்கும் ‘தொன்மம்’, ‘தனிப்பயனாக்கம்’ என்று புழக்கத்தில் உள்ளன. மூன்றாவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

சச்சரவு எங்கே தொடங்கியது என்றால், புதிதாக வந்த ஒருவர் தன் வாம்பயர் பகலிலும் தாராளமாக நடமாட வேண்டும் என்கிறார். பூண்டு நெடியும் வெள்ளியும் அவரை ஒன்றும் செய்யக்கூடாதாம். ‘என் பாத்திரம், என் விருப்பம்’ என்பது அவர் வாதம். பழைய ஆட்டக்காரர்களோ, வெயில் சுடாதென்றால் வாம்பயர் எதற்கு, வேறு விளையாட்டில் சாதாரண வீரனாக ஆடிவிட்டுப் போகட்டுமே என்கிறார்கள். (கிருஷ்ணகிரி வெயிலில் நாமே எரிகிறோம், வாம்பயருக்கு மட்டும் விலக்கா என்று ஒருவர் கேட்டார். அது தனி.) விதிப்பக்கத்தில் ‘கதைக்கும் விருப்பத்துக்கும் சமநிலை காக்கப்படும்’ என்று எழுதிப் பார்த்தோம். படித்தவர்கள் அவரவர்க்குச் சாதகமாகவே புரிந்துகொண்டார்கள்.

வாம்பயரை ‘இரத்தக்காட்டேரி’ என்று எழுதலாமா என்பதையும் சொல்லுங்கள்.

* * *

தருமபுரியிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்.

‘இரத்தக்காட்டேரி’ வேண்டாம். பேய்ப்படங்களில் அந்தச் சொல் எப்போதோ ஒட்டிக்கொண்டது, உண்மைதான். ஆனால் காட்டேரி நம் பக்கத்தில் பலர் படையல் போட்டு வணங்கும் தெய்வம். மயானக் கொள்ளைக்குக் கூட்டம் அலைமோதும் காவேரிப்பட்டணம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய், காட்டேரிக்கு எந்த நிறத்தில் முடி வைக்கலாம் என்று மெனுவைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். யாரேனும் ‘குருதியுண்ணி’ என்று தொடங்குவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன்: உண்ணி என்றால் இங்கே மாட்டின் காதோரம் ஒட்டிக்கொண்டிருப்பது. வெளியூர்ப் பிறவி வெளியூர்ப் பெயரிலேயே இருக்கட்டும். ‘வாம்பயர்’ போதும்.

இனி, லோர். ‘தொன்மம்’ எனக்கு உடன்பாடில்லை. தொன்மம் என்றால் யார் செய்தது என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வந்தது. விளையாட்டின் லோர் அப்படியில்லை. ஒரு நிறுவனம் உட்கார்ந்து எழுதியது, அடுத்த பதிப்பில் அதுவே மாற்றவும் மாற்றும். வாம்பயரின் விதிகளே ஊருக்கு ஊர் மாறியவைதானே! கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் கல்லறையைச் சுற்றிக் கசகசாவோ சிறுதானியமோ இறைத்துவைத்தார்கள். ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காமல் அது நகராது என்பது நம்பிக்கை. 1897இல் வந்த புகழ்பெற்ற ஆங்கில நாவலில் வாம்பயர் பிரபு பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார், ஆற்றல் மட்டும் குறைந்திருக்கும். வெயில் பட்டால் அழிவு என்ற விதியை நிலைநாட்டியது 1922ஆம் ஆண்டின் ஜெர்மன் மௌனப்படம் ஒன்று. ஆகவே உங்கள் புதிய ஆட்டக்காரர் ‘பழைய கதையில் வெயில் கொல்லவில்லையே’ என்று வாதிட்டால், பழைய கதையைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘வி ரைசிங்’ உலகத்தைப் பொறுத்தவரை இல்லை. அந்த வேறுபாட்டைச் சொல் தாங்கவேண்டும். அந்தந்த விளையாட்டு தனக்கென வகுத்துக்கொண்ட மரபு, எனவே ‘கதைமரபு’.

‘தனிப்பயனாக்கம்’ கைபேசியின் சுவர்ப்படத்தை மாற்றுவது முதல் விசைப்பலகை வரை எல்லாவற்றுக்கும் ஓடித் தேய்ந்த சொல். பாத்திரம் அமைப்பதற்கு நம் கூத்துக்காரர்களிடம் நல்ல வினை இருக்கிறது: வேடம் கட்டுதல். ‘கர்ணன் வேடம் கட்டினார்’ என்கிறோம். பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் தன் குரலுக்கு ஏற்பப் பாட்டை நீட்டலாம், கட்டியங்காரனோடு உள்ளூர்க் கதை பேசலாம், அரிதாரத்தில் தன் கைவரிசையைக் காட்டலாம். படுகளத்தன்று விழுந்தே தீரவேண்டும். அந்த ஒன்றை மாற்றித் தரும்படி எந்த நடிகரும் கேட்டதில்லை, கேட்டால் ஊர் விடாது. எதை ஆடுபவர் தொடலாம், எது ஊருக்குச் சொந்தம் என்ற கோடு அங்கே தெளிவாக இருக்கிறது. அதனால் கஸ்டமைசேஷனுக்கு ‘வேடக்கட்டு’ என்பது என் பரிந்துரை. ‘கட்டு’க்குள் புனைவதும் உண்டு, வரம்பும் உண்டு.

மூன்றாவது சொல்தான் முக்கியம். ‘சமநிலை’ ஏன் தோற்றது என்றால், அது தராசுத்தட்டு. இவருக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று ஒலிக்கிறது. நல்ல வாம்பயர் விளையாட்டுகள் பாதிப் பாதியாகப் பிரிப்பதில்லை. மரபை மீறும் வழியை மரபுக்குள்ளேயே வைத்து, அதற்கு ஒரு விலையும் வைக்கின்றன.

‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ 1991இல் மேசை விளையாட்டாக வந்தது. அதில் வாம்பயர்களுக்கு 13 வம்சங்கள். வம்சத்துக்கு ஒரு குறை. நோஸ்ஃபெராட்டு வம்சத்தைத் தேர்ந்தால் பழைய பதிப்புகளில் தோற்ற மதிப்பெண் சுழியம், அழகான நோஸ்ஃபெராட்டு கிடையாது. நம் இரு மாவட்டங்களும் பிரிந்த அதே 2004இல் இவ்வுலகை வைத்து ‘பிளட்லைன்ஸ்’ என்ற கணினி விளையாட்டு வந்தது. அதில் நோஸ்ஃபெராட்டாக ஆடினால் மனிதர் கண்ணில் படாமல் சாக்கடை வழியாகத்தான் ஊரைச் சுற்றவேண்டும். முகம் விகாரம் என்ற ஒரு வரிக் கதைமரபு, ஆட்டத்தின் பாதையையே மாற்றிவிடுகிறது. பிடிக்கவில்லையா, வேறு வம்சம் எடுங்கள். எந்த வம்சமும் வேண்டாமா, அதற்கும் அந்த உலகில் இடமுண்டு: ‘கைட்டிஃப்’ என்ற வம்சமற்றவர்கள். வம்சக் குறை அவர்களுக்கு இல்லை. வம்சத்தின் ஆதரவும் மதிப்பும் இல்லை. 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்னும் நயம். இரத்தம் நீர்த்துப்போன ‘தின் பிளட்’ வாம்பயர்களுக்குப் பகலில் நடமாடும் சலுகையே உண்டு. ஆனால் பகலில் வாம்பயர் ஆற்றல் வேலை செய்யாது. தவிர எத்தனை சலுகை எடுக்கிறாரோ அத்தனை குறைகளையும் எடுக்கவேண்டும். உங்கள் ஆட்டக்காரர் கேட்பதும் ஏறத்தாழ இதே சலுகைதான், குறையை மட்டும் விட்டுவிட்டார்.

இதற்குத் தமிழில் சொல் உண்டா என்றால், பத்தாம் வகுப்பில் எல்லோரும் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததுதான்: வழாநிலை, வழு, வழுவமைதி. குயில் கூவும் என்பது மரபு. கத்தும் என்றால் மரபு வழு. பாரதியாரின் பாட்டில் குயில் கத்தும்போது அது மரபு வழுவமைதி. பிழைதான், காரணம் இருப்பதால் ஏற்கிறோம். கதைமரபுக்கும் அப்படியே வைக்கலாம். மரபுப்படியே ஆடுவது ‘கதைமரபு வழாநிலை’. மீறினால் ‘கதைமரபு வழு’. உலகத்துக்குள் காரணமும் விலையும் சொல்லி மீறினால் ‘கதைமரபு வழுவமைதி’. லோர் ஃபிரெண்ட்லி என்று ஆங்கிலத்தில் பொதுவாகத் தட்டிவிடுவது இதில் முதலாவதையும் மூன்றாவதையும் குழப்பிவிடுகிறது. நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தயாராக இருக்கிறது.

* * *

ஓசூரிலிருந்து:

அக்காவின் மடல் அருமை. ஆனால் விளையாட்டு இடைமுகம் செய்பவன் என்ற முறையில் சில தடைகள்.

> மீறினால் ‘கதைமரபு வழு’

‘வழு’ ஏற்கெனவே எங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. தமிழ்க் கணிமையில் மென்பொருளின் பக்-குக்கு ‘வழு’ என்றே எழுதுகிறோம். சர்வர் அமைப்பில் ‘வழு: அனுமதி’ என்று பார்த்தால் ஆடுபவர் என்ன நினைப்பார்?

இரண்டாவது, நீளம். ‘கதைமரபு வழுவமைதி’ எந்தப் பொத்தானிலும் அடங்காது. சுருக்கி ‘மரபமைதி’ ஆக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அப்படிச் செய்தால், சண்டையில்லாத சர்வர் என்று நினைத்து வருவார்கள். ‘அமைதி’ என்றாலே ஆட்டக்காரர் மண்டையில் ஒரு பொருள்தான். ‘வழுவமைதி’ முழுதாக இருந்தால் அந்த ஆபத்து குறைவு.

மூன்றாவது தடை, சொல்லைப் பற்றியதன்று. எல்லா மீறலுக்கும் விலை வைக்கவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ என்ற இணைய விளையாட்டில் வாம்பயரின் நிலை ஏற ஏற முகம் வெளிறும். பிடிக்காதவர் ‘ஸ்கின்’ (தோற்றத்தை மட்டும் மாற்றும் மேற்பூச்சு) ஒன்றை அணிந்து அதை மறைத்துவிடலாம். முகம்தான் மறைகிறது, நெருப்பு கூடுதலாகச் சுடுவது அப்படியே இருக்கிறது. யாருக்கும் நட்டமில்லை. தோற்றத்தில் தாராளமாக விட்டுவிட்டு, மற்றவர் ஆட்டத்தைப் பாதிக்கும் இடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்தால் போதும்.

அதே விளையாட்டு 2020 மே மாதத்தில் வேறொன்றும் செய்தது. அதுவரை இரத்தம் குடித்தால் வாம்பயர் நிலை இறங்கும், பட்டினி கிடந்தால் ஏறும். அதைத் தலைகீழாக்கினார்கள்: குடிக்கக் குடிக்க ஏறும். வாம்பயர் ஆற்றல்கள் மலிவாகும், மற்றத் திறன்களுக்குச் செலவு கூடும். அதே உலகின் 2011ஆம் ஆண்டு விளையாட்டில் பசித்தவருக்கே பலம். இதை வழு என்பீர்களா, வழுவமைதி என்பீர்களா?

* * *

தருமபுரியிலிருந்து:

தலைகீழாக்கியதும் வழுவமைதிதான், தம்பி. அந்த உலகில் வாம்பயர் தன்மை ஒரே நோயன்று. இடத்துக்கு இடம் வேறு வேறு மரபுவழிகள் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே உலகை வைத்து 2002இல் வந்த ‘மோரோவிண்ட்’ விளையாட்டிலேயே மூன்று வாம்பயர்க் குடிகள் தனித்தனி ஆற்றலோடு இருந்தன. ஆட்டத்துக்கு வேண்டியதை மாற்றிவிட்டு, ‘இது வேறு வழி’ என்று சொல்ல இடம் வைத்திருந்தார்கள். கெட்டிக்காரத்தனம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பசித்த வாம்பயரே அச்சம் தருகிறது, வயிறு நிறைந்தது தருவதில்லை. ஆனால் குடிப்பதற்கு ஊக்கம் இல்லாவிட்டால் யாரும் குடிக்கமாட்டார்கள் என்பதும் புரிகிறது.

தோற்றத்துக்கு விலை வேண்டாம் என்பதை முழுமையாக ஏற்கிறேன், ஒரே விலக்கோடு. நோஸ்ஃபெராட்டின் முகம் போலத் தோற்றமே ஆட்டவிதியாக இருக்குமிடத்தில் அது வெறும் தோற்றம் ஆகாது.

‘வழு’ கணிமைக்குப் போய்விட்டது என்றால் வாதாடமாட்டேன். ‘மீறல்’ என்று வையுங்கள். வழுவமைதியை மட்டும் விட்டுத்தரமாட்டேன்.

* * *

பாலக்கோட்டிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. கூத்தில் வேடக்கட்டு என்றால் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், அரிதாரம் வரைக்கும்தான். பாட்டும் அடவும் அதில் சேரா. ஆகவே தோற்றத்துக்கு மட்டும் ‘வேடக்கட்டு’ வையுங்கள். ஆற்றல்களைத் தேர்வதற்கு ‘ஆற்றல் தெரிவு’ என்று தனியாக இருக்கட்டும். ஓசூர்த் தம்பி கேட்ட பிரிவும் அதிலேயே கிடைத்துவிடும்.

* * *

கிருஷ்ணகிரியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. பாலக்கோட்டு ஐயா சொன்ன பிரிவு எங்கள் சிக்கலைப் பாதி தீர்த்துவிட்டது.

‘வி ரைசிங்’ சர்வர் அமைப்பில் வெயில், பூண்டு, வெள்ளி ஆகியவற்றின் கடுமையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆனால் அது சர்வர் முழுமைக்கும் பொருந்தும்; ஒருவருக்கு மட்டும் வெயிலைத் தணிக்க அங்கே வழியில்லை. பகலில் எந்த மரநிழலில் ஒதுங்குவது, எதிரியை எப்போது வெட்டவெளிக்கு இழுப்பது என்பதே ஆட்டத்தின் பெரும்பகுதி. ஒருவர் கேட்டாரென்று குறைத்தால் எல்லோருடைய பகலும் மாறிவிடும். இதை அவரிடம் விளக்கியபோது, பூண்டையாவது குறையுங்கள் என்றார். அதற்கு வாக்கெடுப்பு வைத்திருக்கிறோம்.

நீளத்துக்கு ஒரு வழி தோன்றியது. ‘கதைமரபு’ என்பதைத் தலைப்பாக வைத்துவிட்டால், கீழே உள்ள தெரிவுகள் ஒற்றைச் சொல்லில் அடங்கும். விதிப்பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

“வேடக்கட்டு: முகம், முடி, நிறம், உடை யாவும் ஆடுபவர் விருப்பம். காரணம் கேட்கப்படாது.

ஆற்றல் தெரிவு: ஆட்டம் தருபவை மட்டும்.

கதைமரபு: இந்தச் சர்வரில் வழாநிலை. வழுவமைதி வேண்டுவோர், பாத்திரத்தின் கதைக்குள் அதற்கான காரணத்தையும், ஈடாக ஏற்கும் குறையையும் எழுதித் தரவேண்டும். அது சர்வர் முழுமைக்கும் பொருந்தும் மாற்றம் என்றால் ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்புக்கு விடப்படும். மீறல் நீக்கப்படும்.”

லோர் ஃபிரெண்ட்லி என்ற அடைமொழிக்கு ‘மரபொத்த’ என்று போட்டிருக்கிறோம். ‘மரபொத்த வேடக்கட்டு’ சொல்லிப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. எதிர்ப்பு இருந்தால் வாக்கெடுப்பு முடிவதற்குள் எழுதுங்கள். ‘வாம்பயர்’, ‘வேம்பயர்’ எழுத்துக்கூட்டல் தகராறைத் தயவுசெய்து வேறு இழையில் தொடங்குங்கள்.