உதவி: சர்வர் மாற்றியதும் தமிழ் எல்லாம் கிறுக்கல்!!

வாசகசாலை: அவசரம். எங்கள் நூல் பட்டியல் டேட்டாபேஸைப் புது சர்வரில் மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) புதுப் பதிப்புக்கு மாற்றினேன். எண், ஆங்கிலம் எல்லாம் சரி. தமிழ்த் தலைப்புகள் மட்டும் ஒரே கிறுக்கல். யாராவது சொல்லுங்களேன்.

டப்பா: எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு? டம்ப் (டேட்டா முழுவதையும் ஒரு ஃபைலாக எழுதி இறக்குவது) எடுத்தீர்களா, ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டீர்களா?

தென்றல்77: பழைய பட்டியல் என்றால் பாமினி எழுத்துருவில் (யூனிகோடுக்கு முந்திய முறை) அடித்ததாகத்தான் இருக்கும். எழுத்துரு மாற்றியில் போடுங்கள், முடிந்தது.

மூலக்கோப்பு: மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. 'கிறுக்கல்' என்று மட்டும் சொன்னால் ஜோசியமா பார்ப்பது?

வாசகசாலை: 5.0லிருந்து 8.0. டம்ப்தான். தலையில் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், இந்த ஜோடிதான் வரிக்கு வரி வருகிறது. பழைய சர்வரில் இப்போதும் நன்றாகத் தெரிகிறது.

மூலக்கோப்பு: 5.0லிருந்து ஒரே தாவாக 8.0க்குப் போகக்கூடாது. 5.7 வழியாகத்தான். கையேட்டிலேயே இருக்கிறது.

டப்பா: அது இருந்த இடத்திலேயே மேம்படுத்துபவர்களுக்கு. இவர் டம்ப் எடுத்திருக்கிறார். பாமினியும் இல்லை. பாமினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வெறும் விசை எழுத்தாக நிற்கும். சாய்கோட்டு ஏ, வட்ட ஆர் என்றால் யூடிஎஃப்-8 (யூனிகோடை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தமிழின் முதல் இரண்டு பைட். டேபிளுக்குக் குறித்திருப்பது லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்), உள்ளே இருப்பது யூடிஎஃப்-8. டம்ப் அதை லத்தீன் என்று நம்பி இன்னொரு முறை மாற்றிவிட்டது. டேட்டா பத்திரமாக இருக்கிறது. டிஃபால்ட் கேரக்டர் செட் லத்தீன்1, கூடவே ஸ்கிப் செட் கேர்செட் என்ற ஆப்ஷன்களைக் கொடுத்து மறுபடி டம்ப் எடுங்கள். ஃபைலில் டேபிள்களின் லத்தீன்1ஐ யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8இன் பெயர்) ஆக்கி, ஏற்றும்போதும் அதையே கொடுங்கள்.

தென்றல்77: யூடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்! டிஸ்கியில் (பழைய ஒரு பைட் தமிழ்க் குறியாக்கம்) இந்த ரோதனையே கிடையாது.

மூலக்கோப்பு: 2010லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றாயிற்று. இன்னும் டிஸ்கியா?

தென்றல்77: கூடவே டேஸ்16ஐயும் (16 பிட் தமிழ்க் குறியாக்கம்) ஏற்றதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

டப்பா: ஐயா, அதற்குத் தனி இழை போடுங்கள்.

வாசகசாலை: வந்துவிட்டது, நன்றி! சில வரிகளில் மட்டும் 'இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ' என்று நிற்கிறது. எல்லாமே நீளமான தலைப்புகள்.

டப்பா: தலைப்புப் பத்தியின் நீள வரம்பு வார்கேர் 50ஆ? லத்தீன்1ல் அது 50 பைட், தமிழுக்கு 16 குறியீடுதான். மீதி 2 பைட் அரை எழுத்தாகத் தொங்கும். பழைய சர்வர் சத்தமில்லாமல் வெட்டியது, 8.0 விடாது. பழைய சர்வரிலேயே அந்தத் தலைப்புகளைப் புத்தகத்தைப் பார்த்துச் சுருக்கி எழுதிவிட்டு டம்ப் எடுங்கள். தேதியில் 0000-00-00 ஏதும் இருக்கிறதா? அதிலும் 8.0 முரண்டு பிடிக்கலாம்.

புதியவன்_3: எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைல். யாராவது?