கூபர் பீடியில் ஒரு ராத்திரி தங்கலாமா?

கேள்வி: ஜூலை விடுமுறையில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து உலுரு பாறைக்குக் காரில் கிளம்புகிறோம், கூடவே ஆறு வயதுப் பையனும் என் அம்மாவும். வழியில் ஓப்பல் என்ற ரத்தினக்கல் தோண்டும் ஊரான கூபர் பீடியில் தங்கலாமா, இல்லை அங்கே வெறும் மண்மேடுதானா?

பதில்: மண்மேடுதான். ஆனால் அந்த மேட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று எங்கள் பெண் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள்ளேயே பொதுமக்கள் ஓப்பலைக் கிளறித் தேட ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். கிடைத்தது நகக்கண் அளவு ஓப்பல் துண்டு, எச்சில் தொட்டுத் தேய்த்ததும் பச்சையாக மின்னியது. ராத்திரி மண்ணுக்கடியில் இருக்கும் அறையிலேயே தங்குங்கள், விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

பதில்: பையன் கையை விடாதீர்கள். ஊருக்கு வெளியே சுரங்கக் குழிகள் மூடாமலே கிடக்கின்றன, போட்டோ எடுக்கப் பின்பக்கமாக நகர்கிற வேலையே வேண்டாம். அப்புறம், கூபர் பீடிக்கு முன்னால் வரும் கிளென்டாம்போ என்ற சிற்றூரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது.

கேட்டவர்: சரி. அம்மாவுக்கு மூட்டு வலி, நிறையப் படி இறங்கணுமா?

பதில்: அந்த அறைகள் பெரும்பாலும் குன்றின் பக்கவாட்டில் குடைந்தவைதான், வாசல் தெரு மட்டத்திலேயே இருக்கும். எதற்கும் அறை போடும்போது கேட்டுவிடுங்கள். ஜூலை அங்கே குளிர்காலம், ஆனால் ராத்திரிக் குளிரும் உள்ளே அவ்வளவாகத் தெரியாது.